எண்ணும் கோடும்: ரெனே டேக்கார்ட்டின் வரலாறு

கட்டமிட்ட தாளில் சமன்பாட்டிற்கு வரைபடம் வரையாத மாணாக்கர் நம்முள் ஒருவருமிலர். இடமிருந்து வலமாக ஓர் அச்சு; கீழிருந்து மேலாக மற்றோர் அச்சு; இரண்டும் கூடுமிடம் சூனியம். கணித ஆசிரியர் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதுகின்றார். நாம் எண்களைக் கணித்துப் புள்ளிகளை இட்டு, அளவுகோலை வைத்துக் கோடு இழுக்கின்றோம். எழுத்தும் எண்ணுமாய் இருந்த ஒன்று கண்முன் நேர்கோடாய் நிற்கின்றது. சில நிமிடங்களிற் செய்து முடிக்கும் இச்சிறு வேலைக்குப் பின்னே ஈராயிரம் ஆண்டுகளின் வரலாறு உண்டென்பதை நாம் நினைப்பதில்லை.

கேத்திர கணிதம் கிரேக்கரின் செல்வம். பீஜகணிதமோ கீழ்நாட்டில் வளர்ந்தது. நம் நாட்டுப் பாஸ்கராசாரியர் அறியாத அளவுகளை நிறங்களின் பெயரால் குறித்துக் கணக்கிட்டார். அராபியரும் அக்கலையை வளர்த்து ஐரோப்பாவிற்கு அளித்தனர். எனினும் வடிவத்தை ஆராயும் கலையும் எண்ணை ஆராயும் கலையும் ஒரே ஊரில் இருந்தும் ஒருவர் வீட்டிற்கு ஒருவர் செல்லாத உறவினர்போல நெடுங்காலம் வாழ்ந்தன. அவ்விரண்டிற்கும் இடையே வாயில் திறந்தவருள் தலைசிறந்தவர் ரெனே டேக்கார்ட் என்னும் பிரெஞ்சு அறிஞர். நாம் வரையும் அச்சுகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்கப்படுகின்றன. அவருடைய வாழ்க்கையைச் சுருங்கக் கூறி, அவர் நமக்கு அளித்தது யாது, அவர்க்குப் பின் வந்தோர் அளித்தது யாது என்பதனையும் பிரித்துக் காட்டக் கருதுகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

பிரான்சு தேசத்துத் தூரேன் மாகாணத்தில் லா ஹே என்னும் சிற்றூரிலே 1596ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 31ஆம் நாள் டேக்கார்ட் பிறந்தார். அவ்வூர் 1967ஆம் ஆண்டு முதல் அவர் பெயரையே தன் பெயராகத் தாங்கி நிற்கின்றது. தந்தையார் ஜோவாக்கிம் என்பவர் பிரித்தானி மாகாணத்து உயர்நீதி மன்றத்தில் பதவி வகித்தவர். குழந்தை பிறந்து ஓராண்டு சென்ற அளவில் தாயார் இறந்தார். தாயின் முகம் அறியாத அச்சிறுவனைப் பாட்டியார் வளர்த்தார். மெலிந்த உடலும் ஓயாத வறட்டிருமலும் கண்ட மருத்துவர், இக்குழந்தை நீண்டநாள் வாழாதெனக் கருதினர்.

பத்து வயதளவில் அவர் லா பிளேஷ் நகரத்திலே இயேசு சபைக் குருமார் நடத்திய கல்லூரியிற் சேர்க்கப்பட்டார். உடல்நலம் கருதிக் காலையில் மற்ற மாணாக்கரோடு எழாமல் படுக்கையிலேயே இருக்க அவருக்கு அனுமதி கிடைத்தது. விழித்தபடியே படுத்திருந்து சிந்தித்தலாகிய அப்பழக்கம் ஏறக்குறைய வாழ்நாள் முழுதும் அவரை விட்டு நீங்கவில்லை. கூரையில் ஊர்ந்த ஓர் ஈயைக் கண்டு அதன் இடத்தைக் குறிக்க முயன்றபோதே அச்சுகளை அவர் கண்டறிந்தார் என்று ஒரு கதை வழங்குகின்றது. கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால் அவர்தம் நூல்களில் அதற்குச் சான்று ஒன்றுமில்லை.

கல்லூரியில் இலத்தீன் மொழியும், பழைய இலக்கியங்களும், அரிஸ்டாட்டில் வழிவந்த தத்துவமும், கணிதமும் பயின்றார். ஆசிரியர்களிடம் அவர் கொண்ட மதிப்புக் குன்றவில்லை. எனினும் தாம் கற்றவற்றைத் திரும்பப் பார்த்தபோது, ஒவ்வொரு பொருளைப் பற்றியும் கற்றோர் மாறுபட்டு வாதிடுவதையே கண்டார். கணிதம் ஒன்றில் மட்டும் ஐயத்திற்கு இடமில்லாத உறுதியைக் கண்டார். அத்துணை உறுதியான அடித்தளத்தின்மீது மேலான மாளிகை ஒன்றும் எழுப்பப்படாததே அவருக்குப் பெருவியப்பாயிற்று. 1616ஆம் ஆண்டில் புவாத்தியே சர்வகலாசாலையில் சட்டத்திற் பட்டம் பெற்றார். ஆனால் வழக்குமன்றம் செல்ல விரும்பவில்லை. உலகமாகிய பெரும்புத்தகத்தைக் கற்கத் துணிந்து வீட்டை விட்டுப் புறப்பட்டார்.

படைவீடும் கனவும்

1618ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டுப் பிரேடா நகரில், நஸ்ஸாவு மோரிஸ் இளவரசரின் சேனையிலே ஊதியம் வேண்டாத் தொண்டராய் அவர் சேர்ந்தார். அவ்வாண்டு நவம்பர் மாதம் 10ஆம் நாள் ஐசக் பேக்மன் என்னும் அறிஞரைச் சந்தித்தார். இயற்கை நிகழ்ச்சிகளைக் கணிதத்தால் விளக்க முயன்றுகொண்டிருந்த பேக்மன், படைவீட்டிற் சோம்பியிருந்த அவ்விளைஞரின் அறிவைத் தட்டி எழுப்பினார். பிற்காலத்தில் இருவர்க்கும் மனக்கசப்பு உண்டாயிற்று. ஆயினும் உறங்கிய அறிவு விழித்தது அந்நட்பினாலேயே என்பது மறுக்கலாகாது.

சரியாக ஓராண்டு கழித்து, 1619ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 10ஆம் நாள் இரவு, ஜெர்மனி நாட்டிலே குளிர் காரணமாகக் கணப்பறையில் தனித்துத் தங்கியிருந்த டேக்கார்ட் மூன்று கனவுகளைக் கண்டார். சாஸ்திரங்கள் யாவற்றையும் ஒரே முறையால் இணைத்துப் புதிதாய் அமைப்பதே தம் வாழ்நாட் பணியென அக்கனவுகளுக்குப் பொருள் கண்டார். அன்று அவருக்கு வயது 23. அப்பணி உடனே நிறைவேறவில்லை. பல நாடுகளிற் பயணம் செய்து, மக்களையும் வழக்கங்களையும் கண்டறிந்து, 1628ஆம் ஆண்டின் இறுதியில் ஹாலந்திற் குடியேறினார். அடுத்த இருபதாண்டுகளில் பெரும்பகுதியை அந்நாட்டிலேயே, அடிக்கடி ஊர் மாறி, தனிமையை நாடிக் கழித்தார்.

அச்சமும் ஆராய்ச்சியும்

ஹாலந்தில் அவர் உலகத்தின் அமைப்பைப் பற்றிய ஒரு நூலை எழுதி முடிக்குந் தறுவாயில் இருந்தார். பூமி சூரியனைச் சுற்றுகின்றதென்பது அந்நூலின் அடிப்படை. 1633ஆம் ஆண்டில், அதே கொள்கைக்காகக் கலிலியோ உரோமையில் தண்டிக்கப்பட்டார் என்னும் செய்தி எட்டியது. டேக்கார்ட் நூலை மூடி வைத்தார். அது வெளிவந்தது அவர் இறந்த பின்னர், 1664ஆம் ஆண்டிலேதான். இதனைக் கோழைமை என்பாரும் உளர். திருச்சபையோடு பிணங்க மனமின்மை என்பாரும் உளர். நம் கருத்தோவெனின், இரண்டும் அம்மனத்திற் கலந்திருந்தன என்பதே. உண்மையை அறிதல் ஒன்று. அதனை உரைக்கும் வேளையை அறிதல் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையே தவித்த பெரியோர் இவர் ஒருவர் மட்டுமல்லர்.

அக்காலத்திலேயே வேறொரு வினாவும் அவர் அறிவை ஆட்கொண்டிருந்தது. அலெக்சாந்திரியா நகரத்துப் பாப்பஸ் என்னும் பண்டைக் கணிதர் எடுத்துரைத்துச் சென்ற வினா அது. சில நேர்கோடுகள் கொடுக்கப்பட்டுள்ளன. ஒரு புள்ளியிலிருந்து அக்கோடுகளுக்கு உள்ள தூரங்கள் ஒரு குறித்த பெருக்கல் விகிதத்தில் அமைய வேண்டும். அத்தகைய புள்ளிகளெல்லாம் சேர்ந்து எந்த வடிவத்தை உண்டாக்கும் என்பதே வினா. கோடுகள் மிகுந்தால் பண்டையோர் வழியறியாது நின்றனர். லெய்டன் நகரத்துப் பேராசிரியர் கோலியஸ் இதனை 1631ஆம் ஆண்டளவில் டேக்கார்ட்டின் கவனத்திற்குக் கொணர்ந்தார்.

டேக்கார்ட் செய்தது மிக எளிய ஒரு செயல். கொடுத்த கோடுகளுள் ஒன்றை அடிக்கோடாகக் கொண்டார். அதன்மீது அளந்த நீளத்தை எக்ஸ் என்றார். அதிலிருந்து ஒரு குறித்த கோணத்திற் புள்ளிவரை அளந்த நீளத்தை ஒய் என்றார். உடனே ஓர் உண்மை வெளியாயிற்று. மற்றக் கோடுகள் எத்தனை இருப்பினும், அவை ஒவ்வொன்றிற்கும் உள்ள தூரம் மூன்று உறுப்புகளுக்கு மேற்படாத கோவையாய் அமைந்தது: ஒய் அடங்கிய ஓர் உறுப்பு, எக்ஸ் அடங்கிய ஓர் உறுப்பு, தெரிந்த அளவாகிய ஓர் உறுப்பு. பண்டையோரை மலைக்கச் செய்த வினா, வரிசையாய்ச் செய்துகொண்டு போகத்தக்க கணக்காயிற்று. அம்மூன்று உறுப்புகளே இன்று நாம் பயிலும் நேர்கோட்டுச் சமன்பாட்டின் உறுப்புகளும் ஆகும் என்பதை இங்கே கருத்திற் கொள்க.

1637ஆம் ஆண்டு நூல்

1637ஆம் ஆண்டில் லெய்டன் நகரிலே, ஆசிரியர் பெயரின்றி ஒரு நூல் வெளிவந்தது. அறிவைச் செம்மையாய் நடத்தும் முறையைப் பற்றியது அது. அதனோடு ஒளியியல், வானிலை நிகழ்ச்சிகள், கேத்திர கணிதம் ஆகிய மூன்று கட்டுரைகளும் அம்முறைக்கு எடுத்துக்காட்டாக இணைக்கப்பட்டிருந்தன. கற்றோர் மொழியாகிய இலத்தீனை விடுத்து, தம் தாய்மொழியாகிய பிரெஞ்சிலேயே டேக்கார்ட் அதனை எழுதினார். பழம்புத்தகங்களை மட்டும் நம்புவோரைக் காட்டிலும், இயல்பான அறிவைக் கொண்டு சிந்திப்போரே தம் கருத்தை நன்கு மதிப்பிடுவர் என்பது அவர் நம்பிக்கை. பெண்மக்களும் அதனைப் படித்து ஏதேனும் பயன்பெற வேண்டுமென விரும்பினார். உயர்ந்த சாஸ்திரங்களைத் தாய்மொழியில் எழுதவியலுமோ என ஐயுறுவோர் நம் நாட்டிலும் இருந்தமையின், கல்லூரி மலரின் இத்தமிழ்ப் பகுதியிலே இச்செய்தியைக் குறித்து வைப்பது தகும்.

அவர் வகுத்த முறை நான்கே விதிகளில் அடங்கும். தெளிவாகத் தோன்றாத எதனையும் உண்மையென ஏற்றல் கூடாது. கடினமானதனைச் சிறு பகுதிகளாகப் பிரித்தல் வேண்டும். எளியதிலிருந்து தொடங்கிப் படிப்படியாக அரியதற்கு ஏறுதல் வேண்டும். ஒன்றும் விடுபடவில்லை என உறுதியாகும்வரை யாவற்றையும் திரும்ப எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஐயுறத்தக்க யாவற்றையும் ஐயுற்று நீக்கிய பின்னரும், ஐயுறுகின்ற தாம் இருப்பதனை மட்டும் ஐயுற இயலாதெனக் கண்டு, அதனையே அசையாத முதற்புள்ளியாகக் கொண்டு தம் தத்துவத்தைக் கட்டினார். ஐயத்தில் உழல்வதற்காக அன்று, ஐயத்தைக் கடப்பதற்காகவே அவர் ஐயுற்றார். அங்கிருந்து அவர் முன்னேறிய வழியிற் கடவுள் உண்டென்னும் முடிபும் ஒரு படியாய் நின்றது.

கேத்திர கணிதக் கட்டுரை மூன்று பாகங்களை உடையது. பண்டையோர்க்கு ஒரு நீளத்தை மற்றொரு நீளத்தாற் பெருக்கினால் வருவது பரப்பு. மூன்றைப் பெருக்கினால் கன அளவு. நான்கைப் பெருக்கினால் பொருளே இல்லை. டேக்கார்ட் இத்தளையை அறுத்தார். ஒரு நீளத்தை ஒன்று என வைத்துக்கொண்டு, வடிவொத்த முக்கோணங்களைக் கொண்டு, இரு நீளங்களின் பெருக்குத்தொகையையும் மற்றொரு நீளமாகவே காட்டினார். அதனால் எத்தகைய சமன்பாட்டிற்கும் கோடுகளாற் பொருள் கூறுதல் இயல்வதாயிற்று. தெரிந்த அளவுகளுக்கு அகரவரிசையின் முதலெழுத்துகளையும், தெரியாதவற்றிற்கு இறுதியெழுத்துகளாகிய எக்ஸ், ஒய், இசட் என்பவற்றையும் வழங்கும் மரபும், அடுக்கெண்ணை எழுத்தின் தலைமேற் சிறிதாய் எழுதும் வழக்கமும் இந்நூலாலேயே நிலைபெற்றன.

நேர்கோட்டின் சமன்பாடு

இனி, நாம் பள்ளியில் வரைந்த கோட்டினை எடுத்துக்கொள்வோம். ஒருவரிடம் உண்டியலில் 3 ரூபாய் உள்ளது. நாள்தோறும் 2 ரூபாய் இடுகின்றார். நாட்களை எக்ஸ் என்றும் சேர்ந்த தொகையை ஒய் என்றும் கொண்டால், ஒய் = 2 எக்ஸ் + 3 என்பது சமன்பாடு. எக்ஸ் சூனியமாகும்போது ஒய் 3. ஆதலால் நிமிர்ந்த அச்சில் 3 என்னும் இடத்தில் முதற்புள்ளியை இடுகின்றோம். அவ்வச்சைக் கோடு வெட்டும் அவ்வளவே வெட்டுத்துண்டு. அங்கிருந்து வலப்புறம் ஒரு கட்டம் சென்றால் மேலே இரண்டு கட்டம் ஏறவேண்டும். ஐந்தில் அடுத்த புள்ளி. மீண்டும் ஒன்று சென்று இரண்டு ஏறினால் ஏழில் மற்றொரு புள்ளி. இவ்வேற்றத்தின் அளவே சாய்வு. இரண்டு புள்ளிகளை இட்டவுடனே கோடு முழுவதும் உறுதியாகின்றது. மூன்றாம் புள்ளி நம் கணக்கு பிழையற்றதென்பதற்குச் சாட்சி.

3 என்பதை 1 ஆக்கினால் கோடு முன்னதற்கு இணையாகக் கீழே இறங்கி நிற்கும், திசை மாறாது. 2 என்பதைப் பெருக்கினால் கோடு செங்குத்தாய் எழும், சூனியமாக்கினால் படுத்துவிடும், குறையெண் ஆக்கினால் வலப்புறம் செல்லச் செல்ல இறங்கும். முழுவதும் நிமிர்ந்து நிற்கும் கோடு ஒன்றே இம்முறையில் அடங்காதது. அதன் சாய்விற்கு எந்த எண்ணும் இல்லை. எவ்வளவு தூரம் சென்றாலும் ஏற்றத்திற்கும் செலவிற்கும் உள்ள விகிதம் மாறாதிருப்பது ஏன்? அக்கோட்டின் கீழ் வரையும் முக்கோணங்களெல்லாம் வடிவொத்தன ஆதலால். டேக்கார்ட் பெருக்கலை நீளமாகக் காட்டுதற்குக் கையாண்ட தத்துவமும் இதுவேயாம்.

இவ்விடத்தில் நடுவுநிலை தவறாமல் சிலவற்றைக் கூறுதல் கடமை. டேக்கார்ட் நம்மைப்போல் இரண்டு செங்குத்தான அச்சுகளை எப்போதும் வரைந்தவரல்லர். குறையெண்களை அச்சின் மறுபுறத்தில் இட்டவருமல்லர். சமன்பாடுகளின் குறை மூலங்களைப் பொய் மூலங்கள் என்றே அவர் பெயரிட்டார். எளிய கோடுகளைச் சமன்பாட்டிலிருந்து வரைந்து காட்டுவதிலும் அவருக்கு நாட்டமில்லை. வளைகோடுகளிலேயே அவர் மனம் சென்றது. பாப்பஸின் வினாவை நான்கு கோடுகளுக்கு விடுவிக்குமிடத்தில், மூலக்குறிக்குள் அடங்கிய பகுதி இல்லாதொழியுமாயின் புள்ளி ஒரு நேர்கோட்டில் அமையும் என்று மட்டும் கூறிச் செல்கின்றார். அங்கே தெரிந்த ஒரு நீளமும் ஒரு விகிதமும் நமது வெட்டுத்துண்டும் சாய்வும் இருக்குமிடத்தில் நிற்கின்றன. சாய்விற்கு எம் என்னும் எழுத்தை வழங்கியவர் இவரே என்று சிலர் கூறுவதுண்டு. அவர் நூலின் அவ்விடத்தில் அவ்வெழுத்து அந்நீளத்தையே குறிக்கின்றது; சாய்வை அன்று.

அதே காலத்தில் துலூஸ் நகரத்து நீதிமன்ற அலுவலரான பியேர் பெர்மா என்பவர், அறியாத இரண்டு அளவுகளையுடைய முதற்படிச் சமன்பாடு நேர்கோட்டையே குறிக்கும் என்பதனைத் தெளிவாய் எழுதி வைத்திருந்தார். அவர் கட்டுரை அச்சேறியது 1679ஆம் ஆண்டில். அதற்குள் அவரும் மறைந்துவிட்டார். இருவரும் வாழ்ந்த காலத்தில் தொடுகோடுகளைப் பற்றிக் கடிதங்களில் கடுமையாய் வாதிட்டனர். அவ்வாதத்தில் டேக்கார்ட் பெருந்தன்மையோடு நடந்தாரெனக் கூறுவதற்கில்லை. அவரது கேத்திர கணிதத்தை லெய்டன் நகரத்து வான் ஸ்கூட்டன் 1649ஆம் ஆண்டில் இலத்தீனில் மொழிபெயர்த்து விளக்கம் எழுதியதனாலேயே அது ஐரோப்பா முழுவதும் பரவிற்று. நியூட்டனும் அவ்வழியாகவே கற்றார். அதன் மறுபதிப்போடு வெளிவந்த நூலில், நேர்கோட்டின் சமன்பாடுகளை முறையாக வகுத்துக் காட்டியவர் யான் டி விட். அவர் ஹாலந்தின் முதன்மை அமைச்சராய் ஆட்சி நடத்தி, 1672ஆம் ஆண்டில் வெறிகொண்ட கூட்டத்தாற் கொல்லப்பட்டவர். வாயில் ஒருவர் திறந்தார். பாதையைப் பலர் செப்பனிட்டனர்.

துயரமும் இறுதியும்

டேக்கார்ட் மணம் புரிந்திலர். ஹெலேனா என்னும் பணிப்பெண்ணிடம் அவருக்கு 1635ஆம் ஆண்டில் பிரான்சீன் என்னும் மகள் பிறந்தாள். ஐந்தே வயதில், 1640ஆம் ஆண்டில், அக்குழந்தை காய்ச்சலால் இறந்தது. எதனையும் அறிவால் அளந்த அப்பெரியார் அப்பிரிவை ஆற்றமாட்டாது வருந்தினார். 1642ஆம் ஆண்டில் யூட்ரெக்ட் சர்வகலாசாலை அவர் தத்துவத்தைக் கண்டித்தது. நாத்திகர் என்ற பழியும் அவர்மீது சுமத்தப்பட்டது. பொஹீமியா இளவரசியார் எலிசபெத்தின் நட்பு அக்காலத்தில் அவருக்கு ஆறுதலாய் அமைந்தது. அவ்வம்மையார் டேக்கார்ட் அனுப்பிய அரிய கணிதவினா ஒன்றைத் தாமே பீஜகணிதத்தால் விடுவித்தவர். 1644ஆம் ஆண்டில் வெளிவந்த தத்துவ நூலை டேக்கார்ட் அவருக்கே உரிமையாக்கினார்.

1649ஆம் ஆண்டு சுவீடன் நாட்டரசி கிறிஸ்தீனா அழைக்க, தயக்கத்தோடு ஸ்டாக்ஹோம் சென்றார். அரசியார் பாடம் கேட்கக் குறித்த வேளையோ விடியுமுன் 5 மணி. இளமை முதல் காலையிற் படுத்திருந்து சிந்தித்தவர், வடநாட்டுக் கொடும்பனியில் அவ்வேளையில் அரண்மனைக்குச் சென்றார். மார்ச்சளி நோய் பற்றி, 1650ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 11ஆம் நாள், 54 வயது நிறையுமுன் உயிர்நீத்தார். அன்னிய மண்ணில் அடக்கம் செய்யப்பட்ட உடலின் எச்சங்கள் 1667ஆம் ஆண்டில் பாரிஸில் மீண்டும் அடக்கம் பெற்றன. அதற்குமுன் 1663ஆம் ஆண்டிலேயே உரோமை அவர் நூல்களைத் தடைப்பட்டியலிற் சேர்த்திருந்தது. எந்தத் திருச்சபையோடு பிணங்கலாகாதென நூலை மறைத்தாரோ, அதன் தடையினின்றும் அவர் தப்பவில்லை.

மாணாக்க நண்பர்களே! நேர்கோட்டினை வரைய நமக்கு வேண்டுவன இரண்டே: அசையாத ஒரு புள்ளி, மாறாத ஒரு செல்நெறி. டேக்கார்ட் தம் தத்துவத்தில் தேடியவையும் ஐயத்தால் அசைக்கவியலாத ஒரு தொடக்கமும், எளியதினின்று அரியதற்கு ஏறும் ஓர் ஒழுங்குமேயாம். இவ்வொப்புமை அவர் கூறியதன்று; நாம் காண்பது. அவர் வாழ்க்கை நேர்கோடாய் அமையவில்லை. அச்சம் உண்டு, சினம் உண்டு, ஆறாத் துயர் உண்டு. ஆயினும் நோயுற்ற அச்சிறுவன் எங்கே தொடங்கினான் என்பதனைக் கொண்டு மருத்துவர் அளந்தது பொய்யாயிற்று. தம் கேத்திர கணிதத்தை முடிக்குமிடத்தில், பிறர் தாமே கண்டறிந்து மகிழட்டும் என்று சிலவற்றை வேண்டுமென்றே சொல்லாது விட்டதாக அவர் கூறிச் சென்றார். அடுத்தமுறை கட்டமிட்ட தாளில் அளவுகோலை வைக்கும்போது, அவர் விட்டுச்சென்ற அம்மகிழ்ச்சியில் நமக்கும் ஒரு பங்கு உண்டென்பதனை நினைவோமாக.